நடுவில் மூன்று வருடம்

மே மாதத்தில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த மறுநாள் செய்தித்தாளில் அந்தப் படம் தவறாமல் வரும். கூரை வீட்டு வாசலில் ஒரு பெண். பக்கத்தில் முந்தானையால் கண்ணைத் துடைக்கும் அம்மா, சட்டை போடாமல் துண்டு மட்டும் போட்ட அப்பா. "கூலித் தொழிலாளி மகள் சாதனை" என்று தலைப்பு இருக்கும். சில வருடம் கழித்து இன்னொரு படம் வரும். கறுப்பு அங்கி, சதுரத் தொப்பி, கையில் சுருட்டிய தாள். அதே அம்மா, அதே முந்தானை.

இந்த இரண்டு படங்களுக்கும் நடுவில் மூன்று வருடம் இருக்கிறது. அந்த மூன்று வருடத்தில் அவள் எத்தனை மணிக்கு எழுந்தாள், எந்தக் கடையில் நின்றாள், எந்தப் பேப்பரில் அரியர் வைத்தாள், அதை எழுத எங்கிருந்து பணம் வந்தது என்று நம் கதைகளும் சினிமாவும் கேட்டு நான் பார்த்தது மிகக் குறைவு. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தபோது எனக்குத் தெரிந்த பிரதிகளை எல்லாம் அந்த மூன்று வருடத்தைத் தேடித்தான் புரட்டினேன்.

முதலில் நினைவுக்கு வந்தது 'அவள் ஒரு தொடர்கதை'. 1974இல் வந்த படம். நன்னிலத்துக்காரரான பாலசந்தர் எடுத்தது. எங்கள் டெல்டாவிலிருந்து போனவர் என்பதால் எங்கள் வீட்டில் அவர் படத்துக்குத் தனி மரியாதை. சுஜாதா நடித்த கவிதா ஓடிப்போன அப்பாவுக்கும், குடிகார அண்ணனுக்கும், விதவைத் தங்கைக்கும், பார்வையற்ற தம்பிக்கும் சேர்த்துச் சம்பாதிக்கிறாள். கல்யாணம் கைக்கெட்டும் தூரத்தில் வந்து நழுவுகிறது. அவள் மறுபடியும் வேலைக்குப் போகிறாள். தமிழ்ப் பெண்கள் இரண்டு மூன்று தலைமுறையாக இந்தப் படத்தைப் பார்த்து அழுதிருக்கிறார்கள். நானும் அழுதிருக்கிறேன். படம் தொடங்கும்போதே கவிதா அலுவலகம் போகிறவள். அந்த வேலைக்கு அவள் என்ன படித்தாள், யார் படிக்க வைத்தார்கள் என்பது படத்துக்குத் தேவைப்படவில்லை.

இந்தக் கதையில் ரித்விக் கட்டக்கின் 'மேகே டாக்கா தாரா' படத்தின் சாயல் இருப்பதாகப் பலரும் சொல்லியிருக்கிறார்கள். 1960இல் வந்த வங்கப் படம். நான் அதைப் பார்த்தது பட்டம் வாங்கிச் சில வருடம் கழித்து, ஒரு தோழியின் மடிக்கணினியில். கல்கத்தாவின் ஓரத்தில் அகதிகள் குடியிருப்பு. நீதா மாணவி. படித்துக்கொண்டே டியூஷன் எடுக்கிறாள். டியூஷன் பணம் கைக்கு வந்ததும் வீட்டில் ஆளாளுக்கு ஒன்று கேட்கிறார்கள். நடந்து வருகிறவளின் செருப்பு வார் அறுந்துபோகிறது. அப்பாவுக்கு அடிபட்ட பிறகு படிப்பை விட்டுவிட்டு முழுநேர வேலைக்குப் போகிறாள். இரண்டு படத்தையும் அடுத்தடுத்துப் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. வங்காளத்தில் மாணவியாக இருந்தவள் தமிழுக்கு வரும்போது வெறும் சம்பாதிக்கிற பெண்ணாகிவிட்டாள். டியூஷன் போயிற்று, பாடப்புத்தகம் போயிற்று, படிப்பை விட்ட அந்த நாளும் போயிற்று. கண்ணீர் மட்டும் சேதாரமில்லாமல் வந்து சேர்ந்தது.

கட்டக்கை உயர்த்திப் பாலசந்தரைத் தாழ்த்துவதற்காக இதைச் சொல்லவில்லை. கவிதாவிடம் இருக்கும் கோபம் நீதாவிடம் கிடையாது. வீட்டில் இருப்பவர்களை முகத்துக்கு நேராகத் திட்டுகிற கதாநாயகியைத் தமிழில் அதற்குமுன் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? ஆனாலும் தியாகத்தைக் காட்டப் படிப்பு அவசியமில்லை என்று எடுத்த அந்த முடிவு, பிறகு வந்த பல கதைகளிலும் அப்படியே ஒட்டிக்கொண்டது. படிப்பு முதலில், வேலை பிறகு. இல்லையென்றால் படிப்பு நின்றது, வேலை தொடங்கியது. 2010இல் வந்த 'அங்காடித் தெரு' நான் மதிக்கிற படம். அதில்கூட நன்றாகப் படித்த பையன் அப்பா இறந்ததும் புத்தகத்தை மூடிவிட்டுத்தான் ரங்கநாதன் தெருவுக்கு ரயிலேறுகிறான். புத்தகத்தை மூடாமலே கடையில் நிற்கிறவர்கள் எங்கே?

நான் நின்றேன். 2016 முதல் 2019 வரை தஞ்சாவூரில் பி.ஏ. தமிழ் படித்தேன். ஊர் அம்மாபேட்டைப் பக்கம். எனக்கு மதிய ஷிஃப்ட். அரசுக் கல்லூரிகளில் இந்த இரண்டு ஷிஃப்ட் முறையை இடப்பற்றாக்குறைக்காகக் கொண்டுவந்தார்கள் என்பார்கள். எங்களைப் போன்றவர்கள் பட்டம் வாங்கியது அந்தப் பற்றாக்குறையின் தயவில்தான். ஆறு மணி பஸ்ஸைப் பிடித்தால் ஏழு மணிக்குக் கீழவாசலில் நாலு பிள்ளைகளுக்கு டியூஷன். ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டரை வரை மருத்துவக் கல்லூரிச் சாலையில் ஒரு ஜெராக்ஸ் கடை. ஒன்றேகாலுக்கு வகுப்பு. முகூர்த்த நாளில் மண்டப வாசலில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு சந்தனம், கல்கண்டு தட்டோடு நிற்கும் வேலை வரும். ஒரு வேளைக்கு முந்நூறு ரூபாயும் சாப்பாடும். புடவை அவர்களுடையது, ஜாக்கெட் நம்முடையது. பன்னீர் தெளிக்கிற இடத்தில் நிற்கிற பெண்ணை யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை என்பதால் எங்கள் வகுப்பு ஆசிரியை ஒருவர் என்னைத் தாண்டியே உள்ளே போனார். அன்று எனக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது.

ஜெராக்ஸ் கடையில் ஒரு லாபம் உண்டு. செமஸ்டர் நெருங்கினால் ஊரில் உள்ள நல்ல நோட்ஸ் எல்லாம் என் கை வழியாகத்தான் போகும். தொல்காப்பியம் பொருளதிகாரத்தைப் பாதி நான் படித்தது, பிரதி எடுத்த தாளை எண்ணி அடுக்கும்போதுதான்.

தீபாவளி சீசனில் காந்திஜி சாலை ஜவுளிக்கடைகளில் கூடுதல் ஆள் எடுப்பார்கள். வகுப்பு முடிந்து ஆறு மணியிலிருந்து ஒன்பதரை வரை. உட்காரக் கூடாது. கடைகளில் வேலை செய்பவர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது 2021இல்தான். எங்கள் காலத்தில் சரக்குக் கட்டில் சாய்ந்தால்கூடப் பேச்சு விழும். டெல்டாப் பெண்ணின் நாட்காட்டியில் உள்ள சிக்கல் இதில்தான் தெரியும். தீபாவளி அக்டோபரிலோ நவம்பரிலோ வரும். செமஸ்டர் தேர்வு நவம்பரில். குறுவை அறுத்த வயலில் தாளடி நடவும், சம்பாவில் களை பறிப்பும் அதே நாட்களில். கூலி கிடைக்கிற எல்லாக் கதவும் தேர்வு எழுத வேண்டிய அந்த ஆறு வாரத்தில்தான் திறந்து கிடக்கும். அந்தப் பாடத்திட்ட நாட்காட்டியை வகுத்தவர்கள் மனதில் இருந்த மாணவிக்கு வயலும் கிடையாது, ஜவுளிக்கடையும் கிடையாது.

முதலாண்டுத் தீபாவளிக் கூலியில் மூன்று ஐந்நூறு ரூபாய் நோட்டை மடித்து அகராதிக்குள் வைத்திருந்தேன். நவம்பர் 8ஆம் தேதி இரவு அவை செல்லாது என்று அறிவித்தார்கள். தேர்வுக்குப் படிக்க வேண்டிய ஒரு நாள் முழுக்க வங்கி வரிசையில் போயிற்று. இதை எங்காவது ஒரு கதையில் படித்திருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை.

எழுபத்தைந்து விழுக்காடு வருகை இல்லாவிட்டால் கண்டோனேஷன் கட்டணம் கட்டவேண்டும். வேலைக்குப் போனதால் வருகை குறையும். வருகை குறைந்ததற்குக் கட்ட மறுபடியும் வேலைக்குப் போகவேண்டும். ஒரு பேராசிரியையிடம் இதைச் சொன்னபோது, "வேலைக்குப் போறதுன்னா கரஸ்ல படிக்க வேண்டியதுதானேம்மா, ஏன் ரெகுலர் சீட்டை அடைக்கிறே?" என்றார். கெட்டவர் இல்லை. சீட்டைப் பற்றி அவர் நினைத்ததை நான் புரிந்துகொள்கிறேன். ஆனால் ரெகுலர் கல்லூரி என்பது எனக்குப் பாடம் மட்டும் இல்லை. ஊரைவிட்டு வெளியே, என் சாதித் தெருவைவிட்டு வெளியே, யாரும் காரணம் கேட்காமல் நாலரை மணி நேரம் உட்கார்ந்திருக்கும் ஒரே இடம் அது. வர்ஜீனியா உல்ஃப் எழுதுகிற பெண்ணுக்கு வருடத்துக்கு ஐந்நூறு பவுண்டும் ஒரு தனி அறையும் வேண்டும் என்று 1929இல் எழுதியதைப் பெண்ணியக் கூட்டங்களில் சலிக்கச் சலிக்கக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று அவரே அந்த நூலில் சொல்கிறார். பம்பாயில் குதிரையிலிருந்து விழுந்து இறந்த அத்தை எழுதிவைத்தது. பம்பாயில் குதிரை ஏறிய அத்தை எங்கள் பக்கத்தில் யாருக்கும் வாய்ப்பதில்லை.

தஞ்சை இலக்கியம் என்று கொண்டாடப்படுவதிலும் தேடினேன். தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' நாவலில் காவிரிக்கரையில் ஒரு வேத பாடசாலை வருகிறது. நடத்துபவர் பவானியம்மாள் என்ற பெண். படிப்பவர்கள் ஆண்பிள்ளைகள். அந்த வீட்டிலேயே வளரும் இந்துவின் காதில் அத்தனை வருடம் அந்தப் பாடம் விழுந்துகொண்டிருக்கிறது, அவளுக்கு யாரும் அதைச் சொல்லித்தரவில்லை. நாவல் அவளுடைய காமத்தைத் தைரியமாகப் பேசுகிறது. கல்வியைப் பற்றி அவளுக்கு ஒரு ஏக்கம் இருந்திருக்கலாம் என்று அதற்குத் தோன்றவில்லை. ராஜம் கிருஷ்ணன் 'சேற்றில் மனிதர்கள்' எழுதி இதே மண்ணின் கூலிப் பெண்களைக் கதைக்குள் கொண்டுவந்தார். அந்தச் சேற்றிலிருந்து காலைக் கழுவிவிட்டு ஹால் டிக்கெட்டோடு பஸ் ஏறுகிறவள் அவருக்குப் பிறகான தலைமுறை. அவளை யாராவது எழுதியிருக்க வேண்டும்.

ஓரளவு எழுதியவர் பாமா. டெல்டாவில் இல்லை, விருதுநகர்ப் பக்கம். 1992இல் வந்த 'கருக்கு' தன்வரலாற்றில் ஒரு இடம் உண்டு. கல்லூரி இறுதியாண்டில் வகுப்பு விருந்து. எல்லோரும் நல்ல புடவையில் வருவார்கள். இவரிடம் அப்படி ஒன்று இல்லை. விருந்து முடியும்வரை குளியலறையில் ஒளிந்துகொள்கிறார். பள்ளி விடுமுறையில் கூலி வேலை பார்த்துப் படித்த பெண், கல்லூரிக்குள் வந்த பிறகும் ஒளிய ஓர் இடம் தேடவேண்டியிருந்தது. பாமா அதை நீட்டவில்லை, அழ வைக்கவில்லை. நான் தேடிய அந்த நடு வருடங்களில் தமிழில் எனக்குக் கிடைத்த உண்மையான அறை அந்தக் குளியலறைதான். சந்தனத் தட்டோடு பட்டுப்புடவையில் நின்றபோது நான் நினைத்துக்கொண்டது அவரைத்தான். எனக்குப் புடவை கிடைத்திருந்தது, ஆனால் விருந்தாளியாக இல்லை.

அண்மையில் வந்த 'அயலி' தொடரைப் பலர் எனக்குப் பரிந்துரைத்தார்கள். 2023இல் வந்தது. 1990இல் புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம். வயதுக்கு வந்தால் பள்ளிக்கூடம் கிடையாது. தமிழ்ச்செல்வி அதை மறைத்துவிட்டுப் படிக்கிறாள். எங்கள் தெருவில் நாலு வீட்டுப் பெண்கள் ஒரு கைப்பேசியைச் சுவரில் சாய்த்து வைத்துப் பார்த்தார்கள். நல்ல தொடர்தான். ஆனால் தடைகளைத் தெய்வத்தின் பெயராலும் ஊர்க் கட்டுப்பாட்டாலும் காட்டும்போது, அவற்றை உடைப்பதும் ஒரு நாளில் நடக்கிற காரியமாகிவிடுகிறது. எதிரி முகத்தோடு எதிரில் நிற்கிறான். எங்களை யாரும் படிக்காதே என்று சொல்லவில்லை. "படிம்மா, படி" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஏழு மணி டியூஷனுக்குப் போகாதே என்று சொல்ல மட்டும் ஆளில்லை. முகமில்லாத அந்தத் தடையைத் திரையில் காட்டுவது கஷ்டம். அதனால் காட்டாமலே விட்டுவிடுகிறார்கள்.

அரசின் திட்டத்தையும் ஒரு பிரதியாக வாசிக்க வேண்டும் என்பது என் கட்சி. மூவலூர் மயிலாடுதுறைக்குப் பக்கத்து ஊர். அந்த ஊர்ப் பெயரைத் தாங்கிய ராமாமிர்தம் அம்மையார் சிறுமியாக இருக்கும்போதே தாசி மரபுப் பெண் ஒருவரிடம் விற்கப்பட்டவர் என்று அவர் வரலாறு சொல்கிறது. அந்த முறையை எதிர்த்தே வாழ்நாளைக் கழித்தார். 1936இல் 'தாசிகள் மோசவலை அல்லது மதி பெற்ற மைனர்' என்ற நாவலை எழுதினார். 1938இல் திருச்சியிலிருந்து சென்னைக்குப் போன இந்தி எதிர்ப்பு நடைப்பயணத்தில் நடந்தார். 1989இல் அவர் பெயரில் அரசு தொடங்கியது திருமண நிதியுதவித் திட்டம். 2011இல் அதோடு தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. நான் படித்த காலத்தில் கணக்கு இப்படி இருந்தது: பத்தாம் வகுப்பு முடித்த பெண்ணின் கல்யாணத்துக்கு 25,000 ரூபாயும் எட்டு கிராம் தங்கமும், பட்டம் முடித்தவளுக்கு 50,000 ரூபாயும் அதே தங்கமும். எங்கள் பெரியம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம், "எப்படியாவது டிகிரிய முடிச்சுடு, அம்பதாயிரம்" என்பார். சுயமரியாதை இயக்கத்துப் பெண்ணின் பெயரால் தாலி கொடுத்ததைவிட, என் ஆறு செமஸ்டருக்கும் சேர்த்து மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்ல 25,000 ரூபாய் என்று ஒரு விலை விழுந்ததுதான் என்னை உறுத்தியது. நியாயமாக ஒன்றையும் சொல்லவேண்டும். அந்த வித்தியாசத்தைக் காட்டியே எத்தனையோ வீடுகளில் பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்பச் சம்மதம் வாங்கினார்கள்.

2022 செப்டம்பர் 5ஆம் தேதி அதே பெயரில் அது உயர்கல்வி உறுதித் திட்டமானது. புதுமைப் பெண் என்று அழைக்கிறார்கள். அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பெண்ணுக்கு, பட்டம் முடியும்வரை மாதம் 1,000 ரூபாய், அவள் கணக்கிலேயே. மூன்று வருடத்துக்கு 36,000. பாரதியின் தலைப்பை எடுத்துக்கொண்ட இந்தத் திட்டம்தான், எனக்குத் தெரிந்து, முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் நடுவில் உள்ள மாதங்களை ஒவ்வொன்றாக எண்ணிய முதல் தமிழ்ப் பிரதி. ஆயிரம் ரூபாய் போதாது. டியூஷனை அது நிறுத்தாது, சந்தனத் தட்டை வேண்டுமானால் நிறுத்தும். 2021இல் வந்த கட்டணமில்லா நகரப் பேருந்தையும் சேர்த்துக்கொண்டால், நாற்பது வருட சினிமாவைவிட இந்த இரண்டும் மாணவியின் நாளைக் கூர்ந்து பார்த்திருக்கின்றன என்றே சொல்வேன்.

இதுவரை எழுதியதை வைத்து என்னை ஒரு கவிதாவாக நினைத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் வெகுநாள் நினைத்திருந்தேன். பட்டம் வாங்கிய வருடம் கல்லூரி நாட்களைப் பற்றி ஒரு சிற்றிதழில் எழுதினேன். ஆறு மணி பஸ், ஜெராக்ஸ் கடை, கண்டோனேஷன் எல்லாம் அதில் இருந்தது. ஒற்றை ஆளாக ஒரு மலையைப் புரட்டிய தொனி. அக்கா படித்துவிட்டுச் சொன்னாள்: "நல்லாத்தான் இருக்கு. ஏன்டி, ஆறு மணி பஸ்ஸுக்குப் போனேன் போனேன்னு எழுதிருக்கியே, அஞ்சு மணிக்கு டப்பா கட்டுனது யாரு?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். நானும் சிரித்தேன்.

அக்கா 2014இல் பிளஸ் டூவில் 1,021 மதிப்பெண். நான் இரண்டு வருடம் கழித்து 962. அவள் முடித்த கோடையில் அப்பாவுக்கு நெல் மூட்டை ஏற்றும்போது முதுகில் அடிபட்டது. அவள் விண்ணப்பப் படிவம் வாங்கினாள், நிரப்பினாள், கொடுக்கவில்லை. அம்மாவோடு நடவுக்குப் போனாள். 2018 நவம்பரில் எனக்கு ஐந்தாவது செமஸ்டர். கஜா புயல் அடித்து மின்சாரம் போய், தேர்வுகள் தள்ளிப்போய், மண்ணெண்ணெய் விளக்கில் நான் படித்துக்கொண்டிருந்தேன். அவள் வயலுக்குப் போய்வந்து சமைத்தாள், அப்பாவைக் குளிப்பாட்டினாள், எனக்குக் கேள்வித்தாளிலிருந்து கேள்வி கேட்டாள். பதில் தப்பாகச் சொன்னால் அவளுக்குத் தெரிந்தது. அதை அப்போது நான் கவனிக்கவே இல்லை. அவள் கல்யாணத்தை வீட்டில் இரண்டு வருடமாகத் தள்ளிக்கொண்டே வந்தார்கள். என் கடைசித் தேர்வு முடிந்த அடுத்த மாதம் நடத்தினார்கள். அவளுக்கு அந்த 25,000 ரூபாய்க் கணக்கு.

'மேகே டாக்கா தாரா'வை நான் பார்க்கும்போது மனம் முழுக்க நீதாவோடு போயிற்று. மறுமுறை பார்த்தபோதுதான் அந்த வீட்டில் நான் யார் என்று தெரிந்தது. டியூஷன் பணம் வந்ததும் கை நீட்டுகிறவர்களில் ஒருத்தி நான். தியாகம் செய்கிறவளின் பக்கத்தில் உட்கார வைத்து அழ விடுவது இந்தப் படங்களின் பெரிய திறமை. தம்பி தங்கைகளின் நாற்காலியில் அவை நம்மை உட்கார வைப்பதே இல்லை. பட்டம் முடித்து எழுதவந்த என்னைப் போன்ற பெண்கள் எழுதும் தன்வரலாறுகளிலும் அந்த நாற்காலி காலியாகத்தான் கிடக்கிறது. வெளியே போராடிய கதை உண்டு. வீட்டுக்குள் இன்னொரு பெண்ணின் வேலையைத் தின்றுதான் அந்தப் போராட்டம் நடந்தது என்ற கதை குறைவு. பாமாவைப் படித்தவள், உல்ஃபைப் படித்தவள் நான். அப்படியிருந்தும் ஜெராக்ஸ் கடை வேலையை வேலை என்று எழுதினேன், அக்காவின் வேலையை வீடு என்று எழுதினேன்.

அக்காவுக்குப் பட்டம் இல்லை என்று இரக்கப்பட்டு இதை எழுதவில்லை. அவள் இப்போது மகளிர் சுயஉதவிக் குழுவின் கணக்கு எழுதுகிறாள். திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் சேரச் சொல்லிக் கேட்டேன். "நேரம் நீ தரியா?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. வாரத்தில் இரண்டு நாள் மாலை அவள் மகனை நான் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். சேர்வதைப் பற்றி இன்னும் எதுவும் சொல்லவில்லை.

இந்தக் கட்டுரையைப் பதிப்பகத்துக்கு அனுப்பும்முன் அவளிடம் படிக்கக் கொடுத்தேன். உல்ஃபின் அத்தை வரும் இடத்தில் சிரித்தாள். அவளைப் பற்றிய பத்திகளை ஒன்றும் சொல்லாமல் கடந்தாள். பிறகு பேனாவை வாங்கி ஒரே ஒரு சொல்லை அடித்தாள். தீபாவளி நேரத்து நடவைச் சம்பா என்று எழுதியிருந்தேன். "அது தாளடிடி," என்றாள். திருத்திவிட்டேன்.